ஊசிக்கு ஹரி

சூளகிரி,
வியாழன்.

அன்புள்ள அப்பாவுக்கு ரஞ்சிதா எழுதுவது. உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் அம்மா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

ஜப்பானுக்குப் போகப் பெயர் கொடுத்தவர்களுக்குக் கம்பெனியில் தையல் வார்த்தைகள் சொல்லித் தருகிறார்கள். ஊசிக்கு ஹரி, நூலுக்கு இதோ. மிஷினை அவர்களும் மிஷின் என்றுதான் சொல்கிறார்கள். டீச்சர் கேட்பது புரியாவிட்டால் எல்லாரும் ‘ஹாய்’ என்போம். ஆமாம் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை என் ஊசி உடைந்தது. துண்டு துணிக்குள் போய்விடக் கூடாது என்பதால், உடைந்ததெல்லாம் கிடைத்த பிறகுதான் இங்கே வேறு ஊசி தருவார்கள். லைனையே நிறுத்திவிட்டார்கள்.

“ஒரு துண்டு கொறையுது. கெடைக்காம யாரும் மிஷின்ல உக்காராதீங்க” என்று சூப்பர்வைசர் சுப்ரியா அக்கா காந்தத்தால் தரையெல்லாம் தடவினார். கடைசியில் பார்த்தால் அது என் நகத்தடியில் ஏறியிருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். சின்னக் காயம்தான், வலியே இல்லை.

எல்லாரும் துண்டைப் பார்த்தபோது, வகுப்பு எடுக்க வந்திருந்த ஜப்பான் டீச்சர் மட்டும் என் விரலைப் பிடித்து “இதாய்?” என்றார். வழக்கம்போல ‘ஹாய்’ என்றேன்.

விரலில் சுற்ற அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். எதற்கென்று அம்மா கேட்டால் தலையணைக்கு என்று சொல்லிவிடுங்கள். ஷிப்ட் வேன் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
ரஞ்சிதா

பி.கு: ‘இதாய்’ என்றால் வலிக்கிறதா என்று அர்த்தமாம். நேற்றுதான் தெரிந்தது. டீச்சரிடம் மட்டும் நான் பொய் சொல்லவில்லை அப்பா.