ஓரகத்தி வெட்டிய ஜன்னல்

பிப்ரவரி 9, 1971

மேல்காற்று விடவில்லை. பீச் மர வேலியின் காய்ந்த இலைகள் விடியும்வரை சலசலத்தன. மற்ற மரங்கள் பனிக்கு முன்பே கையை விரித்துவிடும். எங்கள் வேலி செத்த இலையைக்கூட வசந்தம் வரை விடாது. அதனால்தான் கூரை உயரத்துக்கு வளர்த்து, வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே நிறுத்தியிருக்கிறோம். ஒரு ஓடு அசையவில்லை. திருப்பத்துப் புது வீட்டுக்காரர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டு அழகுக்காகக் கல்சுவர் கட்டினார்கள். காலையில் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் அழகாகத்தான் இருக்கிறது.

இவர் பக்கவாதம் வந்து இலையுதிர்காலம் தொட்டுக் கட்டிலில். இடப்பக்கம் இன்னும் வரவில்லை. முன்னறை ஜன்னல் தாழ்வு. வெளிச்சம் படட்டும் என்று கட்டிலை அதன் ஓரம் போட்டிருக்கிறேன். “எதைப் பாக்க? பழுப்பு இலையையா?” என்றார். ஜெபமாலை சொல்லுங்கள் என்றேன்.

இன்றைய கணக்கு: முட்டை நாலு. ஜெபமாலை ஒன்று. வசவு ஒன்று (சுவர்க்காரர்களுக்கு).

பிப்ரவரி 18

பெண்கள் வியாழன். தவக்காலத்துக்கு முன் இப்படி ஒரு கூத்து. கத்தரிக்கோலும் கையுமாகத் திரிந்து கண்ட ஆண்களின் டையையெல்லாம் வெட்டுவார்கள். வெட்டுப்பட்டவன் வாய் திறக்கக் கூடாது, அதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கூத்தில் வேலையில்லை. கோவிலில் மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் வேலியில் ஓட்டை! சின்ன ஓட்டையா? ஒரு கன்றுக்குட்டி தலையை நீட்டலாம். ஏணி மேல் என் ஓரகத்தி சிபில்லா. தலையில் காகிதத் தொப்பி, கையில் ரம்பம். கொழுந்தன் வீடு பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே வேலி. அதிலும் அவள் வீட்டு முன்னால் வெட்டினாளா? என் வீட்டு முன்னால்.

“இன்னிக்கு பொம்பளை எதை வெட்டினாலும் யாரும் கேக்கப்படாதுக்கா.”

“அது டைக்குத்தான்டி. மாமனார் வளைச்சுக் கட்டின வேலிக்கு இல்ல.”

“வேலியை வெட்டாதேன்னு எந்த வழக்கத்துல இருக்கு?” என்று இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். வெட்டின கிளைகளை யார் அள்ளுவது? நான்தான்.

இவரிடம் கொட்டித் தீர்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாராம்.

வசவு — எண்ணவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 24

சாம்பல் புதன். என் நெற்றியில் சாம்பல், அவள் நெற்றியிலும். சாமியாரின் அதே விரல்தான். கடவுள் ரொம்பப் பொறுமைசாலி.

மார்ச் 12

ஓட்டை வழியே வந்த பனி ஜன்னல் கட்டையில் குவிந்திருந்தது. குளிருகிறதா என்று இவரைக் கேட்டேன். இல்லையாம். நீல உதட்டோடு இல்லை என்கிறார்.

பீச்சுக்கு ஒரு நல்ல குணம் உண்டு; வெட்டின இடத்தைச் சுற்றித் துளிர்க்கும். துளிர்களை இளசாக இருக்கும்போதே வளைத்துக் குறுக்கே கட்டினால் மூன்று வருடத்தில் ஓட்டை இருந்த இடம் தெரியாது. ஜூனில், ஸ்நாபக அருளப்பர் திருநாளுக்கு வேலி வெட்டும்போது கட்டிவிடுவேன். அதற்கென்று வில்லோ மரத்து மெல்லிய வார்களை இப்போதே வெட்டிச் சாக்கில் சுற்றி வைத்தேன். இவரிடம் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கூட ஒரு தலையணை வேண்டுமாம். மூச்சு முட்டுகிறதாம்.

மே 6

புது மொட்டு நெட்டித் தள்ளிய பிறகுதான் பழைய இலை உதிர்ந்தது. இளம் இலை ஓரத்தில் பூனைமயிர், குழந்தையின் காதுமடல்போல. உதிர்ந்ததையெல்லாம் சிபில்லா என் பக்கமாகவே பெருக்குகிறாள். காற்று அப்படி அடிக்கிறதாம். காற்றுக்குக்கூட அவள் பேச்சுத்தான் வேதம்.

இவர் இப்போது ஊர்ச்செய்தியெல்லாம் சொல்கிறார். பால்காரன் புதுக் குதிரை வாங்கிவிட்டானாம், தபால்காரர் நொண்டுகிறாராம். யார் சொன்னது? நான் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து அவள் வந்து ஊர்வம்பு ஊற்றிவிட்டுப் போகிறாள், வேறென்ன. நோயாளிக்கு ஜெபம் சொல்ல வாய் வராது அவளுக்கு.

மூன்றாவது தலையணை கேட்டார். கொடுத்தேன்.

மே 19

வேலிக்குள் கருங்குருவிக் கூடு. குஞ்சு பறக்கும்வரை அந்தப் பக்கம் போவதில்லை.

ஜூன் 10

நற்கருணைப் பவனி. பாதையெல்லாம் பூ. பாடிக்கொண்டே எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் சாமியார் நின்றார். இங்கே பீடம்கூட இல்லையே, ஏன் நிற்கிறார் என்று எட்டிப் பார்த்தேன்.

ஓட்டைக்குள் இவர் முகம். மூன்று தலையணை மேல் நிமிர்ந்து, தலை வாரி (யார் வாரிவிட்டது?), நல்ல கையால் சிலுவை போடுகிறார். சாமியார் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை அந்தப் பக்கம் திருப்பி உயர்த்தினார். சரளைக்கல்லில் மண்டியிட்டோம். பக்கத்தில் சிபில்லா, சுருதி இல்லாமல் பாடிக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெயித்தவள் பல்லைக் காட்டினால் தாங்கிக்கொள்ளலாம். காட்டவில்லையே.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன்.

“நாந்தான் வெட்டச் சொன்னேன், லோனி. அந்த ஒரு நாள்தான் உன்னால வாய் திறக்க முடியாதுன்னும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“எங்கிட்ட கேட்டா என்ன?”

“கேட்டா நீ வேலிக்குப் பரிஞ்சு பேசுவே. நான் இலையைப் பாத்துக்கிட்டே போய்ச் சேரணும்.”

பாத்திரம் கழுவினேன். வேலி யாருக்காக? காற்று இவர் மேல் படக்கூடாதென்றுதானே இத்தனை பாடு? என்னைக் கேட்டிருக்கலாம்ல. கேட்டிருந்தா — சரி, முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காக? அவகிட்டயா போய்ச் சொல்றது?

கணக்கு எழுத மனமில்லை.

ஜூன் 24

ஸ்நாபக அருளப்பர் திருநாள். பூசை முடிந்ததும் வேலி வெட்டினேன். ஓட்டையைச் சுற்றிய துளிர்கள் முழ நீளம் வளர்ந்து நடுவில் கைகோக்கப் பார்த்தன. ஊறவைத்த வில்லோ வார் இடுப்பில். உள்ளேயிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே சிபில்லா வந்து ஏணியைப் பிடித்தாள்.

துளிர்களை வளைத்தேன். குறுக்கே அல்ல, பின்னுக்கு. இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். பிறகு விளிம்பைச் சீராக்கினேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி — எலி கடித்ததுபோல வெட்டி வைத்திருக்கிறாள். செய்வதைத் திருந்தச் செய்தால் என்ன?

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். இரண்டாம் துளிரையும் நறுக்கியாயிற்று. ஜன்னல் விளிம்பில் ஒரு கருங்குருவி வந்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது. இவர் அதற்கு ஊர்த்தலைவர் என்று பேர் வைத்திருக்கிறார். பொருத்தம்தான், இரண்டும் சத்தம் மட்டும்.

நவம்பர் 3

இவருக்கு வாதம் இரண்டாவது தடவை வந்துவிட்டது. இனி நிமிர்த்தி உட்காரவைக்கக் கூடாது என்றார் டாக்டர். ஒரே தலையணை. வேலி பழுத்துவிட்டது, செம்புக் குடத்தைத் துலக்கி வைத்ததுபோல.

நவம்பர் 5

இவர் தலைமாட்டில் என் தலையை வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஓட்டையில் தெரிவது வானம் மட்டும். கேட்டால் வானமும் நல்லாத்தான் இருக்கு என்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

நவம்பர் 6

ரம்பத்தை நானே எடுத்தேன். பெண்கள் வியாழனும் இல்லை, ஒன்றும் இல்லை. சிபில்லாவைக் கூப்பிட்டு இவர் பக்கத்தில் குந்தி, அவர் கண் மட்டத்துக்குத் தலையைச் சாய்க்கச் சொன்னேன். “இன்னும் கீழேக்கா. இன்னும். போதும் — பால் வண்டிச் சக்கரம் தெரியுது” என்று உள்ளேயிருந்து கத்தினாள். மாமனார் வளைத்துக் கட்டிய அடிக்கிளை இரண்டும் போயின. மூன்று வருடத்தில் மூடாது. முப்பது வருடத்திலும் மூடாது.

காற்று நேரே உள்ளே வருகிறது. கம்பளி ஒன்று கூடுதலாகப் போட்டேன். தபால்காரரின் நொண்டல் சரியாகிவிட்டது என்று இவர்தான் சொன்னார், வாய் கோணி, மெதுவாக.

இன்றைய கணக்கு: முட்டை ஒன்று. ஜெபமாலை இரண்டு. வசவு ஒன்று: முதலிலேயே கட்டில் மட்டத்துக்கு வெட்டத் தெரியாதவளுக்கு. நேரிலேயே சொன்னேன், காப்பி கொடுத்துவிட்டு.