கிடங்கு ஒரு கோள் இல்லை

அன்பு மகளுக்கு,

கிடங்கிலிருந்த உருளைக்கிழங்கில் பாதி அழுகிவிட்டது. அப்பாவும் நானும் உடம்புக்கு நலம், மூக்குக்குத்தான் நலமில்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருந்தால் போதும்.

அழுகவைத்த புண்ணியவான் உன் மாமாதான். போன விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு விளக்கினாயே, ஒரு கோளுக்குச் சூரியவெப்பம் வரவு, அது வெளியே வீசும் வெப்பம் செலவு, மேற்பரப்பு வெள்ளையாயிருந்தால் வரவில் ஒரு பங்கு வாசலோடு திரும்பிவிடும், கோள் சூடேற ஏறச் செலவும் கூடும், இரண்டும் சமமாகும் இடத்தில் சூடு நிற்கும் என்று. கடை நடத்துகிறவள், எனக்கு உடனே புரிந்தது. அவனுக்கும் புரிந்தது, அரைகுறையாக. நான் சரக்கு வாங்க வெளியூர் போயிருந்த வாரம் தகரக் கூரைக்கு வெள்ளையடித்தான், அதுவரை சரி, வெளிச்சூடு உள்ளே வரக்கூடாதென்று மேல்ஜன்னல் அத்தனையையும் பிளாஸ்டிக் தாள் வைத்து அடைத்துவிட்டான். மூட்டையில் கிடக்கும் கிழங்கும் மூச்சுவிடும், சூடும் ஈரமும் கக்கும் என்பது கிழங்கு விற்றே வயிறு வளர்த்தவனுக்குத் தெரியாதா? கேட்டால், "உன் பொண்ணு கணக்குல கிழங்கே வரலியே அக்கா" என்கிறான். கோளைச் சுற்றி வெறுமைடா, வீசித்தான் அது சூட்டைத் தள்ள முடியும், உனக்கு வரிசையாக ஜன்னல் இருந்தும் அடைத்தாயே என்று கத்தினேன். கதவைத் திறந்ததும் கருப்பாக ஒழுகிவந்தது என் செருப்புக்குள் போயிற்று. எத்தனை முறை குளித்தும் நாற்றம் தலைமுடியை விடவில்லை.

அதைவிட அருவருப்பு, "எங்க அக்கா பொண்ணு போட்ட கணக்கு" என்று அவன் சந்தை முழுக்கப் பீற்றியது. பக்கத்துக் கிடங்கு வெங்காயக்காரர் தன் ஜன்னலுக்கும் தாள் ஒட்ட ஆளுக்கே சொல்லிவிட்டார். போன சரக்கை நான் திரும்பப் பிடித்துவிடுவேன், உன் சொல்லுக்கு மதிப்புப் போனால் எந்தச் சந்தையில் வாங்குவேன்? நீயும் கேட்டுக்கொள். காற்று இல்லை, மேகம் இல்லை, கோள் முழுக்க ஒரே புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ கடைசியில்தான் சொன்னாய், அதற்குள் அவன் கைகழுவ எழுந்துவிட்டான். விட்டுவிட்டது எதுவோ, அதை முதலில் சொல்லிப் பழகு.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், நோய்நொடி அண்டாமலிரு. அப்பாவுக்கு வாரம் ஒருமுறையாவது போன் போடு. மாமாவைத் திட்டி எழுதாதே, பேசி முடித்தாயிற்று: வெள்ளைக் கூரை அப்படியே இருக்கும், ஜன்னல்கள் திறந்திருக்கும், அழுகலை அவனே கையால் அள்ள வேண்டும், அள்ளிய உடுப்போடு வெங்காயக்காரரிடம் தொடங்கிக் கடை கடையாக ஏறி, "கணக்கு அவளுது, ஜன்னலை அடைச்சது நான்" என்று சொல்லிவர வேண்டும்.

உன் அம்மா