முதல் மணியில் எடுத்தவள்

9 செப்டம்பர் 2024, திங்கள்

தங்கச்சி ஜோஸ்லின் வீட்டுக்கு நேற்று புது போன் வந்தது. மேசைமேல் வைக்கிற போன்தான், ஆனால் டெலிபோன் லைன் வேண்டாம், இன்டர்நெட்டிலேயே பேசலாம். அவள் மகன் ஜெபஸ்டின் அயர்லாந்திலிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பி வைத்திருக்கிறான். கொட்டை கொட்டையாக எண்கள். சர்க்கரையில் அவளுக்கு ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் நிழல்தான் தெரிகிறது. செல்போனில் எதையோ தொடப்போய் கட் செய்துவிடுகிறாள். அதனால் இந்த ஏற்பாடு. நியாயம்தான்.

இங்கே அரிசிபாளையத்திலிருந்து அவள் இருக்கிற அயோத்தியாப்பட்டணத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் அதை மாட்டிக் கொடுத்தது நான். அவன் வாட்ஸப்பில் சொல்லச் சொல்ல, அக்கவுண்ட் பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். மணி அடித்தது. ஜோஸ்லின் தடவி எடுத்தாள். அவன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல் அவ்வளவு தெளிவு. என் செல்லில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல்தான் இருக்கும்.

"இனிமே தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடறேம்மா."

தினமும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பத்து நிமிஷம்.

அவனுக்கு இரண்டு வயதில் அப்பா இறந்துபோனார். ஜோஸ்லின் நர்ஸ் வேலைக்குக் குவைத் போனாள். அன்றிலிருந்து அவன் விமானம் ஏறும்வரை இருபத்தொரு வருஷம் என் வீட்டில்தான் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். இதை நோட்டில்தான் எழுத முடியும்.

10 செப்டம்பர்

ஏழு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபதுக்கும் பார்த்தேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்தபிறகு கூப்பிட்டான். "நீ சாப்பிட்டியா பெரியம்மா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். அவனும் அவன் மனைவி செலினும் வீடு மாறப் போகிறார்களாம். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன்.

"போன வாரமே. அம்மாகிட்ட சொன்னேனே, சொல்லலையா?"

சொல்லவில்லை. அவள் ஏன் சொல்லப் போகிறாள்? இப்போது சேதிகளெல்லாம் முதலில் அவளிடம் போகின்றன. ஆறினதுதான் எனக்கு.

21 செப்டம்பர், சனி

ஆபீசிலிருந்து பாதி நாளில் கிளம்பினேன். செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷமாக போனும் கையுமாக இருக்கிறேன், எனக்கு ஒரு போன் தேர்ந்தெடுக்கத் தெரியாதா? தெரியவில்லை. ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் மாதேஸ்வரன், எருமப்பட்டிக்காரர். பொறுமைசாலி.

"ஊட்டுக்குங்களா, வெளியூர் போறப்பவும் வேணுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் எங்கே போகப் போகிறேன். வீட்டுக்கு என்றேன்.

மூன்று விதம் காட்டினார். ஜோஸ்லினிடம் இருப்பது போல் ரவுட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாட்டுகிற மேசை போன். வைஃபையிலேயே வேலை செய்கிற, கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற போன். மூன்றாவது, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. அடாப்டர். ஒரு பக்கம் ரவுட்டர், மறுபக்கம் வீட்டில் இருக்கிற சாதாரண டெலிபோன்.

"பழைய போன் நல்லா இருந்துச்சுன்னா இதே போதுமுங்க அக்கா. எதுக்குப் புதுசு? ஒண்ணே ஒண்ணு, கரண்ட் போனா ரவுட்டர் போயிரும், ரவுட்டர் போனா இதுவும் போயிரும்."

வீட்டில் ரவுட்டரும் இருக்கிறது, பழைய போனும் நல்லாத்தான் இருக்கிறது. அடாப்டரை எடுத்தேன். "அக்கவுண்ட் இருக்குதுங்களா?" என்றார்.

இங்கேதான் நான் அதைச் செய்தேன். ஜெபஸ்டினிடம் எனக்கென்று ஒரு அக்கவுண்ட் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து கேட்பதா? எனக்கும் ஒன்று கொடுடா என்று? கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஜோஸ்லினுடையது.

அவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். "இது ஏற்கனவே வேற போன்ல ஓடிட்டு இருக்குதுங்க. இதுலயும் போட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்கும். யாரு மொதல்ல எடுக்கறாங்களோ அவங்களோடதான் பேச்சு. பரவால்லீங்களா?"

"பரவால்லைங்க. ஒரே குடும்பம்தான்."

22 செப்டம்பர்

கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். மணி அடிப்பது தெரிந்தால் போதும். எடுக்க மாட்டேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

எடுத்துவிட்டேன். முதல் மணியிலேயே.

"அம்மா?" என்றான். எவ்வளவு பக்கத்தில்! மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"நான்தான்டா."

"பெரியம்மா! நீ அங்க இருக்கியா?"

"ஆமா. அம்மா குளிக்கறா."

எப்படி வந்தது அந்தப் பொய்? நாக்கு தயாராக வைத்திருந்தது போல் வந்தது. பன்னிரண்டு நிமிஷம் பேசினான். மாத்திரை ஆலையில் அவனுக்குப் புது ஷிப்ட். அங்கே மழையாம். ரசம் வைத்தானாம், வற்றி அடிப்பிடித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே இருந்தேன். வைத்தபிறகுதான் ஜோஸ்லின் நினைவுக்கு வந்தாள். ஒரு நாள்தானே. நாளைக்கு அவளிடம் பேசுவான்.

2 அக்டோபர், புதன்

நேற்றும். இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் அம்மா வராததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். தினமும் எடுப்பதில்லை. சந்தேகம் வரக்கூடாதே. இப்படிக் கணக்கு போடுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

17 அக்டோபர்

ஆறரைக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். எடுக்காத நாட்களில் மணி மூன்று தடவை அடித்து நிற்கும். ஜோஸ்லின் எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இருபது நிமிஷம் எனக்கு யாரையும் பிடிப்பதில்லை. என்னையும்.

10 நவம்பர், ஞாயிறு

காலையில் எனக்கான பத்து நிமிஷத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மணி அடித்தது. எடுத்தேன்.

"அம்மா, செலின் உண்டாயிருக்கா." எடுத்தவுடனே சொல்லிவிட்டான். எடுத்தது யார் என்று கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா? கேக்குதா? ரெண்டு மாசம்."

"நான்தான்டா சாமி. அம்மா... குளிக்கறா."

சிரித்தான். "சரி, நீயே சொல்லிடு. எனக்கு நேரமாச்சு, ஷிப்டுக்கு ஓடணும்."

செலினுக்கு அம்மா இல்லை. அவளும் இதைச் சொல்ல ஜோஸ்லினைத்தான் நினைத்திருப்பாள். நான் கேட்டுவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. சந்தோஷம்தான். ஆனால் திருடிய பலகாரம் போல் தொண்டையிலேயே நிற்கிறது.

11 நவம்பர்

ஜோஸ்லினுக்குச் செல்லில் போட்டுச் சொன்னேன். வேறு வழி இல்லை. அவன் வாட்ஸப்பில் சொன்னான் என்றேன்.

"உங்கிட்ட மொதல்ல சொன்னானா அக்கா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை.

17 நவம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது.

மதியம் ஜோஸ்லின் வீட்டுக்குப் போனேன். சமைக்க வருகிற சித்ரா கிளம்பிப் போய்விட்டாள். ஜோஸ்லின் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கை போன் மேலேயே இருந்தது.

"ஒரு தடவ அடிச்சு நின்னுடுது அக்கா. நான் தடவி எடுக்கறதுக்குள்ள. வாரத்துல ரெண்டு நாளு இப்படித்தான். பேசணும்னு போடறான், அப்புறம் என்ன நெனைக்கறானோ, வெச்சுடறான். நான் என்னத்த பேசிட்டேன்? சும்மா மருந்து சாப்பிட்டியா, மருந்து சாப்பிட்டியான்னு கேக்கறேன்ல, அதான் அலுத்துப்போச்சு போல."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கிளம்பலாம் கிளம்பலாம் என்று இருந்து ஏழு மணி ஆகிவிட்டது. போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. என் வீட்டில்தான் எடுக்க ஆள் இல்லையே.

ஜோஸ்லின் முகம் அப்படி மலர்ந்தது. "பாரு, நீ வந்தா அடிக்குது!" ஸ்பீக்கரை அழுத்தினாள், நானும் கேட்கட்டும் என்று.

"டேய், ஒரு வாரமா கேக்கணும்னு இருக்கேன், செலின் சேதிய எங்கிட்ட சொல்ல உனக்குத் தோணலையா?"

"என்னம்மா சொல்றீங்க? உங்களுக்குத்தான் போட்டேன். இந்த போனுக்குத்தான். பெரியம்மா எடுத்தாங்க, நீங்க குளிக்கறீங்கன்னாங்க. பெரியம்மா அங்கதான இருந்தாங்க அன்னிக்கு?"

அன்று நான் அங்கே போகவில்லை. அது ஜோஸ்லினுக்குத் தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் பார்வை இல்லாவிட்டாலும் நேராக என் முகத்துக்குத்தான். வாட்ஸப்பில் சொன்னான் என்று நான் சொன்னது, ஒரு தடவை அடித்து நின்ற சாயங்காலங்கள், எல்லாம் அவள் நெற்றியில் ஒவ்வொன்றாகச் சேர்வதைப் பார்த்தேன்.

"ஆமாண்டா," என்றாள். "இருந்தா. நான்தான் குளிச்சுட்டிருந்தேன். மறந்துட்டேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பேசி முடித்து ஸ்பீக்கரை அணைத்தாள். "உங்கிட்டயும் இதே நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"போய்ட்டு வா அக்கா."

வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைப் பிடுங்கினேன்.

18 நவம்பர்

போன் போட்டேன். எடுக்கவில்லை.

1 டிசம்பர்

அவள் எடுக்கவில்லை. சித்ராதான் எடுத்துப் பேசினாள். "அம்மா நல்லாருக்காங்க, பேசறதுக்கில்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

25 டிசம்பர், புதன்

திருப்பலியில் குடிலுக்கு முன்னால் நின்றேன். எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேக் வாங்கி சித்ராவிடம் கொடுத்தனுப்பினேன். கேக் திரும்பி வரவில்லை. அது போதும்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

அவளே வரச் சொன்னாள்.

உட்காரு என்று கூடச் சொல்லவில்லை. "எத்தனை தடவ?" என்றாள்.

"பதினாறு."

"ஒவ்வொண்ணா சொல்லு. என்ன பேசினான்னு. எங்கிட்ட பேச வந்ததுதானே எல்லாம்."

சொன்னேன். முதல் நாளிலிருந்து. அவன் அடிப்பிடிக்க வைத்த ரசம், தெருமுனையில் வழுக்கி விழுந்தது, செலினோடு சண்டை போட்டு மூன்று மணிநேரம் பேசாமல் இருந்தது, அவன் ஷூ நனைந்தது. மறந்த இடத்தில் அவள் காத்திருந்தாள். நான் நினைவுக்குக் கொண்டுவரும்வரை விடவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது, எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. சேதி சொன்ன நாளை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். "'கேக்குதா'ன்னு கேட்டானா? எப்படிக் கேட்டான்?" அவன் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். அழுதாள்.

அப்புறம் நானும் கத்திவிட்டேன். "உங்கிட்ட தினமும் பேசறான்டி! எனக்கு வாரத்துல பத்து நிமிஷம். காய்ச்சல்னா யாரு பாத்தது? பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீதான்," என்றாள். "அதனாலதான் உன்னை 'நீ'ங்கறான். என்னை 'நீங்க'ன்னுதான் சொல்றான். பெத்தவள. இத்தன வருஷத்துல நீ கவனிச்சதே இல்லையா?"

இல்லை. கவனிக்கவில்லை.

"குவைத்லேர்ந்து போட்டா, பெரியம்மா சோறு ஊட்டறாங்க அப்புறம் பேசறேன்னு ஓடிடுவான். நான் வெச்சுட்டு வார்டுக்குப் போயிடுவேன். உன் கையிலேர்ந்து பிடுங்கினேனா?"

டீ கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது, "படி இருக்கு, பாத்து எறங்கு" என்றாள். பார்வை இல்லாதவள் எனக்குச் சொல்கிறாள்.

9 மார்ச், ஞாயிறு

ஜெபஸ்டின் கேட்டான். பிரசவத்துக்கு வர முடியுமா என்று. செலினுக்கு யாரும் இல்லை, அம்மாவால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது, "நீ வாயேன் பெரியம்மா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். முதலில் ஜோஸ்லினிடம் கேட்கிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

10 மார்ச்

"போ," என்றாள். "கண்ணு தெரியாதவ போய் என்ன பண்ண? ஆனா ஒண்ணு. தினமும் நீ எனக்கு போன் போடணும். அவன் இல்ல. நீ."

10 மே, சனி

விசா வந்துவிட்டது. ஆபீசில் மூன்று மாசம் லீவு. முதலாளி முகத்தைத் தூக்கினார், பிறகு சரி என்றார்.

மாதேஸ்வரன் கடைக்குப் போனேன். அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க அக்கா, இப்ப வெளியூர் போறதுக்குங்களா?"

வெளியூருக்கு டப்பாவெல்லாம் தூக்க வேண்டாமாம். செல்போனிலேயே ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். அங்கே வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் ஜோஸ்லினின் மேசை போனுக்கு நேராக அடிக்கும். அந்த ஊர் பிளக்குக்குத் தட்டையாக மூன்று காலாம், அதில் சொருக ஒரு மாற்று பிளக் வாங்கிக்கொண்டேன். ஜோஸ்லின் வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ். கரண்ட் போனால் அவள் இருட்டிலும் சத்தமில்லாமலும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

"பழைய அக்கவுண்ட்லயே போட்டுரட்டுங்களா?"

"வேண்டாங்க. புதுசா ஒண்ணு. என் பேர்ல. ஆரோக்கியம்."

19 ஜூன் 2025, வியாழன், கார்க், அயர்லாந்து

பெண் குழந்தை. இன்றோடு எட்டு நாள். ஜெபஸ்டின் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். செலின் அசதியில் தூங்குகிறாள். குழந்தை காலையிலிருந்து அழுகிறது. பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டு இந்தச் சின்ன வீட்டை ஐம்பது தடவை சுற்றியாயிற்று. நிற்கவில்லை.

இங்கே மதியம் இரண்டரை, ஊரில் ஏழு மணி; ஜோஸ்லினைக் கூப்பிட்டேன்.

"அழறாளா?"

"காலையிலேர்ந்து."

"காதுகிட்ட வை."

வைத்தேன். ஜோஸ்லின் பாடவில்லை, கொஞ்சவில்லை. வார்டில் நோயாளிகளிடம் பேசியிருப்பாளே, அந்தத் தாழ்ந்த குரலில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்ப சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை விக்கி, விக்கி, நிறுத்தியது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் குரலைக் கேட்டது.

எனக்குள் எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஐம்பது சுற்று நான் நடந்தேன்.

"கேக்குதா அவளுக்கு?" என்றாள் ஜோஸ்லின்.

"கேக்குது. நீ பேசு."

இருபது நிமிஷம் பேசினாள். கை மரத்துப்போனது. மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.