இரண்டு விரல் இடைவெளி

மார்ச் 3, திங்கள்

என் மகளுக்கு,

போனைத் தொடப் பயமாக இருப்பதால் பேனாவை எடுத்தேன். நேற்று மதியம் குழாய் ரிப்பேர்க்காரரைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, வார்டுல இருக்கேன், வைக்கட்டுமா?" என்று கேட்டாய். "ரெண்டு நிமிஷத்துல உன் வார்டு ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றேன். பிறகு நீதான் ஓடினாய், போனை அணைக்காமல். நானும் வைக்கவில்லை. ஒரு குழந்தை அலறியது கேட்டது. "கத்தரிக்கோல், கத்தரிக்கோல்" என்று நீ கத்தியதும் கேட்டது.

கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான். என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. கோழி கிறுக்கினது போல் எழுதாதே.

உன் அம்மா

மார்ச் 6, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

அவள் ஐந்து வயதுக் குழந்தை. வயிற்றில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். பொம்மை கொடுத்தோம், கதை சொன்னோம், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பலிக்காதபோதுதான் டாக்டர் எழுதிக்கொடுத்து, மணிக்கட்டுகளில் மெத்தென்ற பட்டை போட்டுக் கட்டிலோடு கட்டினோம். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிள்ளையை விட்டு நகரக் கூடாது. கட்டுவது சின்ன வேலை, பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் வேலையே. என்னை நம்பித்தான் அவள் அம்மா சாப்பிடப் போனார்.

உங்கள் போனை எடுக்காவிட்டால் வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள் என்று வராந்தாவுக்குப் போனேன். அதற்குள் குழந்தை கட்டிலில் கீழே சரிந்துவிட்டாள். வந்து பார்த்தால் ஒரு பட்டை இறுகி, விரல்களெல்லாம் நீலம். ஒரே இழுப்பில் அவிழ வேண்டிய முடிச்சு, அவள் பாரத்தில் அவிழவில்லை. வெட்டினேன். விரலைத் தொட்டால் தெரியவில்லை என்று இன்னும் சொல்கிறாள்.

அடுத்த வியாழன் விசாரணை. சீனியர் நர்ஸ் அக்கா, "பக்கத்து பெட் பிள்ளை வாந்தி எடுத்துச்சு, அதைப் பார்க்கப் போனேன்னு சொல்லிட்டுப் பொழைச்சுக்கோ" என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

மகள்

மார்ச் 8, சனி

மகளே,

அந்த அக்கா சொன்னபடியே சொல். ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்னாய் என்று உன்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தவள்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பாடம் சொன்ன கான்வென்ட் சிஸ்டர்கள் கேட்டால் என் காதைத் திருகுவார்கள். திருகட்டும். வேலை போனால் உன்னை யார் சேர்ப்பார்கள்? போலீஸ் அது இது என்று ஆனால் நான் யாரிடம் போய் நிற்பேன்? உன் அப்பா இருந்தால் அது வேறு.

அம்மா கூப்பிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்காக இல்லை, உனக்காகத்தான் சொல்கிறேன்.

மேலே எழுதியது பொய். எனக்காகவும்தான். அடித்துவிட்டு எழுதப் பார்த்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு விரலில் உணர்வு வந்ததா? அதை முதலில் எழுது.

அம்மா

மார்ச் 14, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நீங்கள் கேட்டது. உணர்வு வந்துவிட்டது. ஐந்து விரலும் அசைகின்றன, பந்தை அமுக்குகிறாள்.

விசாரணையில் உள்ளதைச் சொன்னேன். குழந்தையின் அம்மாவும் இருந்தார். "போன்ல யாரு?" என்றார்.

"எங்கம்மா."

"ஏதாவது அவசரமா?"

"இல்லைங்க. வீட்டுல குழாய் ரிப்பேர்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வேலை போகவில்லை. மறுபடி பயிற்சி முடிக்கும்வரை எந்தப் பிள்ளையின் கட்டில் பக்கமும் போகக் கூடாது. மருந்து அறையில் போட்டிருக்கிறார்கள்.

உங்கள் மேல் கோபமில்லை. போனை எடுத்தது என் கை. ஆனால் போன் அடித்தாலே அந்த நீல விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன. நானாகக் கூப்பிடும்வரை கூப்பிடாதீர்கள். எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. கடிதம் எழுதுங்கள்.

இன்று அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் போனாள். மருந்து அறை வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மகள்