பலகையில் முதல் நம்பர்

அண்ணாத்தே,

உன் போனின் பின்கவரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு ஊக்கு விழுந்தது. நடுவில் லேசாக வளைந்த ஊக்கு. கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, அழுகை அப்புறம்தான். உன் காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பதிலாகப் பல வருஷம் வேலை பார்த்த ஊக்கு அது. பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில், நம் ஆட்டோ ஸ்டாண்டில் எவன் புது சிம் வாங்கினாலும் நீ அதைத்தான் கழற்றி, அவன் போனில் குத்தி, சிம் வைக்கும் தட்டை வெளியே இழுப்பாய். வேலை முடிகிறவரை சட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நிற்பாய். அண்ணி எத்தனை தடவை பொத்தான் தைத்துக் கொடுத்தாலும் அது ஒரு வாரம் தாங்காது. நீயே பிய்த்துப் போடுகிறாய் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

இன்றைக்கு அதே ஊக்கால் உன் போனைத் திறந்தேன். உன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறோம். பதறாதே, நம்பர் அதேதான். மாற்றுவது நம்பரை இல்லை, கம்பெனியை என்று எங்கள் மண்டையில் ஏற்றுவதற்கு நீ தொண்டை வற்றக் கத்தியது எனக்கு மறக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் கம்பெனி மாறுவது என்றாலே ஆகாது. நம்பர் போனால் சவாரி போச்சு என்ற பயம். உனக்கோ அது திருவிழா. போர்ட் என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, பழைய கம்பெனியிலிருந்து கெஞ்சுகிற போன் வருவதற்காகவே காத்திருப்பாய். வந்ததும் ஸ்பீக்கரில் போட்டு எங்களைச் சுற்றி நிறுத்திக்கொள்வாய்.

"எங்க சேவையில என்ன சார் குறை?" என்று ஒரு பெண் கேட்பாள்.

"கொறையெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா. காசுதான் ஜாஸ்தியா கீது. இத்தினி வர்சமா உங்களாண்டதான கீறேன், ஒரு தீபாவளிக்காவது ஸ்வீட் பாக்ஸ் அனுப்ச்சீங்களா?"

அவள் சிரித்துவிடுவாள். உடனே நீ குரலை இறக்கி, "நாஸ்தா துன்னியாம்மா? எந்நேரமும் போன்ல பேசிகினே கீறியே" என்று விசாரிப்பாய். கடைசியில் அவள் உன்னைத் தடுக்க வந்ததையே மறந்து, "சரி சார், நல்லா இருங்க" என்று வாழ்த்தி வைப்பாள். நீ வெற்றிவீரன் போல எங்களைப் பார்ப்பாய். மிச்சப்பட்ட காசு அன்றைக்கு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததிலேயே கரைந்துவிடும். அதைச் சொல்லிக் காட்டினால் உனக்குக் கோபம் வரும்.

அந்தப் பெரிய மாற்றம் நடந்ததும் உன் யோசனைதான். எல்லாக் கம்பெனியும் ஒரே சமயத்தில் ரேட்டை ஏற்றினார்கள். அதே வாரம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புதுக் கம்பெனிக்காரன் ஒருத்தன் குடை விரித்து, மேசை போட்டு உட்கார்ந்தான். நீ நேராகப் போய், "ஸ்டாண்டே வருது, இன்னா குடுப்ப?" என்று பேரம் பேசிவிட்டு வந்தாய்.

"தனித்தனியா போனா நம்மள எவன் மதிப்பான்? ஒண்ணா போவணும் மாமே. ஒரே நாளு, ஒரே லைனு." இதுதான் உன் திட்டம். அதோடு நிற்காமல், ரெண்டு சிம் வைத்திருந்தால் ரெண்டு செலவு என்று சொல்லி, எங்களிடம் உபரியாக இருந்த சிம்களையும் தூக்கிப் போட வைத்தாய். ஆதார் கார்டைப் பிடித்துக்கொண்டு நாம் எல்லாரும் அந்தக் குடைக்கு வெளியே வெயிலில் வரிசையாக நின்றோம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நீ எங்களை உட்கார வைத்து உட்கார வைத்து எழுப்பினாய்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. முதலில் உன் போனில் டவர் போனது. அடுத்து என் போனில். கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டில் இருந்த அத்தனை போனும் ஊமையாகிவிட்டன. பழைய சிம் செத்தால்தான் புது சிம் பிழைக்கும், நடுவில் சில மணி நேரம் எதுவும் இருக்காது என்று குடைக்காரன் சொல்லித்தான் இருந்தான். ஒரே நாளில் எல்லாரும் மாறினால் எல்லாரும் ஒரே நேரத்தில் சாவோம் என்பது நம்மில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஒருத்தன் போனை ஒருத்தன் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நீதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாய். டீ கிளாஸை அப்படியே ஆட்டோவின் மேல் வைத்தாய்.

"டேய், கிரேசு இன்னாடா பண்ணும்?"

கிரேஸ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். புருஷனுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. உள்ளே போகும்போது போனை கேட்டிலேயே ஒப்படைத்துவிட வேண்டும், ஷிஃப்ட் முடிகிறவரை அவனைப் பிடிக்க முடியாது. அவளுக்கு மாசம் நிறைந்திருந்தது. ஊரிலிருந்து அம்மா இன்னும் வந்து சேரவில்லை. ஸ்டாண்டுப் பலகையில் இருக்கிற நம்பரையெல்லாம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். பலகையில் முதல் நம்பர் உன்னுடையது. "ராவு பகல்னு பாக்காத. வலி எட்தா ஒரு ரிங் உடு, போதும்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்தவனும் நீதான்.

அன்றைக்கு உன் முகத்தில் இருந்த பயத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. போலீஸ்காரன் வண்டியைப் பிடித்தால்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் நீ. நாங்கள் வாயைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டாய்.

மத்தியானம் உனக்குச் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு நான் வந்தேன். அவள் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்திப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாய். நீ காலையில் வந்து நின்றதும், "நான் கூப்பிடலியேண்ணே" என்று அவள் கேட்டாளாம். "வண்டி நெழல்ல நிக்கட்டும்னு வந்தேன்மா, நீ போய் படு" என்றாயாம். போன் செத்த கதையைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை.

"எனக்கு டவர் வந்துட்ச்சி அண்ணாத்தே. நீ ஸ்டாண்டுக்கு போ, நா இங்க நிக்கறேன்" என்றேன்.

"அது என் நம்பர்தான் மொதல்ல அடிக்கும். எனக்கு இன்னும் வர்ல. நா எப்டி போவேன்?"

போன் வேலை செய்யவில்லை, அதனால் நீ வேலை செய்தாய். அவ்வளவுதான் உன் கணக்கு. எனக்கு அப்போது அது வீம்பாகத்தான் பட்டது.

நீ பொட்டலத்தைப் பிரித்துக் கையை வைக்கவில்லை, கதவு திறந்தது. கிரேஸ் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தாள். அவள் அடித்துக்கொண்டிருந்தது உன் நம்பருக்கு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று போன் அவள் காதில் சொல்லிக்கொண்டிருக்க, நீ அவள் கண்ணெதிரே எழுந்து நின்றாய்.

"அண்ணே, போவே மாட்டேங்குதே..." என்று அழுதாள்.

"போவாட்டி போவுது, நாந்தான் கீறேனே. ஏறும்மா."

வீட்டுக்கார அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினார். நீ ஆஸ்பத்திரிக்குப் பறந்தாய். நான் ஃபேக்டரி கேட்டுக்குப் போய், காவலில் இருந்தவரிடம் சொல்லி, அவள் புருஷனுக்கு உள்ளே தகவல் அனுப்பினேன். அவன் ஓடிவந்து என் வண்டியில் ஏறியபோது காலில் செருப்பு மாறியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பெண் பிறந்துவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் தாய்க்கு ஆபத்தாகியிருக்கும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டதும் நீ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். உன் போனில் டவர் வந்தது அப்போதுதான். அதைப் பார்த்து நீ திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மறுநாளே ஸ்டாண்டில் சட்டம் போட்டாய். "இனிமே கம்பேனி மாறுனா பாதி பேரு இன்னிக்கி, பாதி பேரு அட்த வாரம். இன்னா, புர்தா?" இதை நீ பல காலமாக யோசித்து வைத்திருந்தவன் மாதிரிச் சொன்னாய். எல்லாரையும் ஒரே நாளில் வரிசையில் நிறுத்தியது யார் என்று கேட்டதற்கு, டீ ஆறுகிறது என்றாய்.

போன வருஷம் மழைக்கு முன்னால், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியது என் வண்டிதான். அந்த வழியில் நான் எத்தனை பேரைச் சமயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். உன்னைச் சேர்க்க முடியவில்லை. அதைப் பற்றி இன்னும் எழுதினால் என்னால் முடிக்க முடியாது.

உன் நம்பர் முதலிலிருந்தே அண்ணி பெயரில்தான் இருந்தது; அன்றைக்கு வெயில் வரிசையில்கூட உன் நம்பருக்காக ஆதாரோடு நின்றது அவர்தான். இத்தனை நாளும் அவர்தான் அதற்குக் காசு போட்டு வந்தார். போன மாதம் மறுபடி ரேட் ஏறியதும், இதோடு விட்டுவிடப் போகிறேன் என்றார். விட்டால் கொஞ்ச நாளில் அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் எவனுக்கோ கொடுத்துவிடுவான். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் உன் நம்பரில் "ராங் நம்பர்" என்று சொல்வதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக உன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணி, கம்மியான கம்பேனிக்கு மாத்தி நாங்க காசு போட்டுக்கறோம். இன்னும் அதுக்குதான் கூப்புட்றாங்க. ஆட்டோ புக் பண்ற ஆப்பு, கீப்பு எத்தினி வந்தாலும் பழைய ஆளுங்களுக்கு அந்த நம்பர்தான் மனப்பாடம்."

அண்ணி, "அது அடிச்சா எனக்கு பக்குனு கீதுப்பா. எடுத்து, அவரு இல்லன்னு ஒவ்வொரு வாட்டியும் நானே சொல்ல வேண்டி கீது" என்றார். பிறகு அலமாரியிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தார். "ஊட்ல வேணாம். ஸ்டாண்ட்ல வெச்சிக்க. அங்க அடிக்கட்டும்."

நம்பர் அவர் பெயரில் என்பதால் அவரே வர வேண்டியிருந்தது. அதே கேட்டுக்குப் பக்கத்தில் இப்போது வேறு கம்பெனியின் குடை. படம் பிடிக்கும்போது, "கண்ண தெறந்து வெச்சிக்கோங்கம்மா" என்று குடைக்கடியில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். அண்ணி தலையைக் கோதிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, நிமிர்ந்து உட்கார்ந்தார். நீ பார்த்திருந்தால் வம்பு இழுத்திருப்பாய்.

இன்றைக்கு மாறுவது உன் நம்பர் மட்டும்தான். எங்களில் பாதிப் பேர் அடுத்த வாரம், மீதிப் பேர் அதற்கடுத்த வாரம். சட்டம் சட்டம்தான். காலையில் உன் போனில் டவர் போனது. புது சிம்மைப் போட்டு, ஊக்கை என் சட்டையில் குத்திக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி சவாரிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் டவர் வந்தது. வந்த கையோடு மணி அடித்தது. திரையில் கிரேஸ் என்று நீ சேமித்து வைத்த பெயர்.

"யாரு, அண்ணனா? காலேல பாப்பாவ ஸ்கூல்ல விட அடிச்சேன், போவே இல்ல. அவ்வளவுதான், அவர் நம்பரும் போயிட்டு போலன்னு நெனச்சிட்டேன்" என்றாள். "இப்பம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்கண்ணே. ரெண்டு பேருமா போய்க் கூட்டிட்டு வரணும். வாரீங்களா?"

சவாரி என்று யார் போன் செய்தாலும் நீ ஒருநாளும் வரேன் என்று சொன்னதில்லை. டீ கிளாஸ் கையில் இருக்கும், வண்டி ஓரமாக நிற்கும், நீ "கெளம்பிட்டேன்" என்பாய். பொய் சொல்கிறாயே என்று ஒருமுறை கேட்டேன். "வரேன்னா அவங்க வாசலையே பாத்துகினு கெடப்பாங்க மாமே. கெளம்பிட்டேன்னு சொல்லு, அப்பதான் மூச்சு உடுவாங்க. சொல்ட்டு ஓடு, பொய்யி மெய்யாய்டும்" என்றாய்.

"கெளம்பிட்டேன்மா, வாசலுக்கு வா" என்றேன்.

அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்புறம்தான் சாவியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.