நடுவில் வேர்த்த கண்ணாடி

மாமு,

நேற்று நம் பட்டறைக்கு ஒரு பழைய ஜன்னல் திரும்பி வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் யார்டு ஆபீசுக்கு நாம் போட்ட டபுள் கண்ணாடி ஜன்னல்களில் ஒன்று. அந்த ஆபீசை இடிக்கிறார்களாம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாகக் கறை காய்ந்திருந்தது, மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் மாதிரி. சட்டத்தைக் கழற்றித் திருப்பினேன். மூலையில், கறுப்புப் பசையில், உன் கட்டைவிரல் ரேகை. நான்கு மூலையிலும் இருந்தது. நகத்தால் கிள்ளினேன், கத்தியால் நெம்பினேன். ஒரு இடத்தில்கூடப் பசை விட்டுக்கொடுக்கவில்லை.

உட்கார வேண்டும்போல் இருந்தது. நான் உட்கார்ந்தால், "இன்னாண்ணா, காமெடி ஸ்டார்ட்டா?" என்று எல்லோரும் கூடிவிடுவார்கள். நின்றுகொண்டே இருந்தேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, உனக்குத் தெரியும். நாலாங்கிளாசோடு நின்றவன். உன்னிடம் வாயால் சொல்ல எத்தனையோ வருஷம் இருந்தது. அப்போதெல்லாம் இந்த வாய் வேறு வேலையில் இருந்தது.

டபுள் கண்ணாடி வேலை அப்போது நமக்குப் புதுசு. ரோட்டில் ராப்பகலாக லாரி சத்தம், ஆபீசுக்குள் ஏசி. அதனால்தான் அந்த யார்டுக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு கண்ணாடி, நடுவில் அலுமினியப் பட்டி. பட்டிக்குள் ஈரம் குடிக்கிற குட்டி மணிகளை நிரப்ப வேண்டும். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும், அதனால் பட்டறையில் அதற்கு ஜவ்வரிசி என்றே பேர். ஜவ்வரிசி நிரப்புவது என் வேலை. சுற்றிலும் பசை போட்டுக் காற்றுப் புகாமல் அடைப்பது உன் வேலை. அடைத்து முடித்ததும் ஒவ்வொரு மூலையிலும் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாய்.

"இன்னா மாமு, கையெழுத்தா?" என்பேன்.

"ஆமா தோஸ்து. உன் கையெழுத்த விட நல்லாத்தான் கீது."

அந்த ஜவ்வரிசி டப்பாவுக்குத் தகர மூடி. தட்டினால் நல்ல சத்தம் வரும். டீ நேரத்தில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கானா பாடுவேன். மேஸ்திரியின் தொந்தி, எதிர்க்கடை பாயின் ஸ்கூட்டர், உன் வழுக்கை என்று யாரையும் விட்டதில்லை. மூடியைத் திரும்பப் போட்டுவிடு என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். "தொறந்து வெச்சா ஊர்ல கீற ஈரத்தையெல்லாம் குடிச்சிடும்டா, அப்புறம் கண்ணாடிக்குள்ள கீற ஈரத்த எது குடிக்கும்?"

யார்டு ஜன்னல்களைச் செய்வதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. மூடியை எடுத்துப் பாடினேன். பாடிவிட்டு அதன் மேல் பஜ்ஜித் தட்டை வைத்தேன். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். சனி, ஞாயிறு பட்டறை இல்லை. திங்கட்கிழமை வந்தபோது டப்பா திறந்து கிடந்தது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் மூடினேன். அன்று முழுக்க அந்த ஜவ்வரிசியைத்தான் யார்டு ஜன்னல் பட்டிகளில் நிரப்பிக் கொடுத்தேன். நீ ஒவ்வொன்றாக அடைத்து, விரல் வைத்தாய்.

மூன்று மாதத்தில் யார்டிலிருந்து போன் வந்தது. முதலாளி, நீ, நான் மூன்று பேரும் போனோம். ஏசி ஓடுகிற அறையில் ஜன்னல்கள் வெளுத்துப் போயிருந்தன. நீ கைக்குட்டையால் உள்பக்கம் துடைத்தாய், போகவில்லை. ஓடிப்போய் வெளிப்பக்கம் துடைத்தாய், போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்று துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நடுவில் வேர்த்தால் யார் கை போகும்?

முதலாளி உன்னிடம்தான் கேட்டார். "அடைச்சது நீதானே? காத்து பூந்துகீது பாரு."

நீ என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாயா, சும்மா பார்த்தாயா, இன்றைக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தகர மூடிதான் கண்ணில் நின்றது. சொல்லியிருக்கலாம். ஒரே வரி. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"வுடு முதலாளி, ஏசியோட ஊட்டியும் சேத்துக் குடுத்துகீறான் மாமு!"

யார்டுக்காரரே சிரித்துவிட்டார். முதலாளியின் கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது. உன்னைக் காப்பாற்றியதாக வேறு நினைத்துக்கொண்டேன். மறுநாள் டீ நேரத்தில் அதே மூடியை மடியில் வைத்துத் தட்டினேன்.

"ஊட்டிக்குப் போக டிக்கெட்டு எதுக்கு,
எங்க மாமு செஞ்ச ஜன்னலு இருக்கு!"

நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து பட்டறையில் நீ ஊட்டி. மாசம் திரும்புவதற்குள் ராயபுரம் வரைக்கும் ஊட்டி.

வேர்த்த கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு வந்தபோது முதலாளி ஆத்திரத்தில் ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல் உடைத்துப் போட்டார். ஸ்டோர் ரூம் ஜன்னலை மட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். நேற்று வந்தது அதுதான். உன்னைப் பசை மேஜையிலிருந்து எடுத்து, வண்டியில் கண்ணாடி ஏற்றுகிற வேலைக்குப் போட்டார்கள். நீ சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒரு நாள் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது உன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாய்:

"தோஸ்து, என் கையிலதான் இன்னாவோ கோளாறு கீது. நல்லாத்தானடா அமுக்கினேன்?"

"அட போ மாமு, ஊட்டியில குளிர்ல வெரல் மரத்துப் பூட்ச்சி," என்றேன்.

நீ அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பசையையும் தொடவில்லை.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தாய், பத்து நாளில் போய்விட்டாய். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். உன் படம், உன் பேர், பேருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் 'ஊட்டி'. நான்தான் ஏணியில் ஏறிக் கயிறு கட்டினேன்.

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். வருஷ நினைவுக்குப் பேனர் போட வேண்டும் என்று உன் சம்சாரம் நாலு நாளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. "போன தபா மாரியே ஊட்டின்னே போடுண்ணா, அப்பத்தான் நாலு பேருக்குத் தெரியும்," என்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, மழை, ஜவ்வரிசி, பாட்டு. பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டது.

"அந்தாளு தூக்கத்துலகூட வெரல அமுக்கினு கெடப்பாருண்ணா," என்றது. பிறகு, "அழுவாத. நீ அழுவறத நான் பாக்கணுமா? அந்தப் பேர எடு. பட்டறையில போய்ச் சொல்லு," என்றது.

இன்று காலை பட்டறையில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். இதுவும் காமெடி என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். "செத்தும் உட மாட்டியாண்ணா அவர?" என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் அழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முதலாளி ஜன்னலை வாங்கி, மூலையில் உன் ரேகையைத் தடவிப் பார்த்தார். ஜன்னலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் பேனர் கட்டினேன். உன் பேர் மட்டும். கட்டி இறங்கவில்லை, மீன்கூடையோடு போன அம்மா நின்று, "யாருப்பா இது? பாத்த மொகமா கீதே?" என்றது. தினம் உன்னோடு பஸ் ஏறிய அம்மாதான். பேரைச் சொன்னேன், விளங்கவில்லை. வேறு வழியில்லாமல், "ஊட்டிம்மா" என்றேன்.

"அட, நம்ம ஊட்டியா! அப்புறம் ஏன் போடல?"

ஏணியிலிருந்து இறங்கினேன். கூடையை இறக்கி வைக்கச் சொன்னேன். மூடியிலிருந்து பாட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று பேர் கேட்டார்கள், மூன்று பேருக்கும் சொன்னேன். பேனர் பதினைந்து நாள் இருக்கும் மாமு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். சட்டைப் பையில் உன் ரேகை பதிந்த பசைத்துண்டு ஒன்றைப் பட்டியோடு சேர்த்து அறுத்து வைத்திருக்கிறேன். நம்பாதவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன்.