விரிப்பின் மறுமுனை

அன்பு மகனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே என் வலது கையைத் தவிர எல்லாரும் சுகம். சலவைக்கூடத்து இஸ்திரி உருளை சுட்டுவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நடுவே அவளுடைய பாடப்புத்தகத் தமிழ் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள். உருளையின் தடுப்பு உடைந்து கிடப்பதையும், அதைச் சரிசெய்யும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை என்று குடை அக்கா வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்ததையும் போனில் உன்னிடம் சொன்னேன். வெயிலோ மழையோ குடையில்லாமல் படியிறங்காத அதே அக்காதான், உன் பரீட்சை நாட்களில் உனக்குச் சோறு போட்டவள். பெற்ற பிள்ளையிடம் சொல்வதாகத்தான் நினைத்தேன், நீ வேலை பார்க்கும் எங்கள் கம்பெனித் தலைமை அலுவலகம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைக்கவில்லை. அடுத்த வாரமே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல நடந்த கூட்டமெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா" என்று சொல்லி வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த நாங்கள் பயந்துபோய் உருளைக்குத் திரும்பினோம், அதில்தான் என் கை வெந்தது.

ஆஸ்பத்திரி விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது, உனக்கே தெரியும், இந்த முனையை ஒருத்தி, அந்த முனையை ஒருத்தி பிடிக்க வேண்டும். இப்போது என் விரிப்பின் மறுமுனையை யாரும் பிடிப்பதில்லை. கைக்கட்டோடு தரையில் போட்டு முழங்காலால் அழுத்தி மடிக்கிறேன். மூட்டை கட்டுகிறவள், "புள்ள ஆபீசருல்ல, வந்து புடிக்கச் சொல்லேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். உன்னைக் கேட்டதற்கு, "பேச்சுவாக்குல வந்துருச்சும்மா, பேரு கேட்டாங்க, சொன்னேன்" என்றாய். கேட்டால் சொல்லிவிடுவதா? அந்த வாரமே உனக்குப் பதவி உயர்வு என்றும் சொன்னாய். (இந்த வரியை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். தங்கை.)

இன்று காலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், ஆபீசில் சொன்னவன் என் மகன், அவனுக்குச் சொன்னவள் நான் என்று. பெற்றவளே காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அதற்குப் பிறகும் யாரும் முனையைப் பிடிக்க வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். லீவில் வரும்போது பெட்டியோடு நேரே நம் வீட்டுக்கு வராதே. முதலில் குடை அக்கா வாசலில் போய் நில். அவள் உள்ளே கூப்பிட்ட பிறகு இங்கே வா.

உன் அம்மா

அண்ணா, குடை அக்கா கூப்பிடாவிட்டால் அண்ணன் என்ன செய்வான் என்று அம்மாவிடம் கேட்டேன். அதை எழுதாதே என்றாள்.